மூலை வெட்டிய எழுத்துகள்

அக்கா என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வரவேற்பில் இருந்தவர், யாரோ துணி விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார். தோளுக்கு ஒன்றாக இரண்டு பெரிய பைகள். உள்ளே துணி இல்லை, பழைய காகிதம். அலமாரித் தட்டில் விரித்திருந்தது, மகளின் பாடப் புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டிருந்தது, எண்ணெய்க் கறை படிந்தது, பூச்சி அரித்தது. எல்லாவற்றையும் என் மேஜையில் கொட்டிவிட்டு, உட்காரச் சொன்னதையும் காதில் வாங்காமல் நின்றபடியே சொன்னார்.

"தம்பி, நான் டைப் அடிச்சா இந்த எழுத்துல தானா வரணும். இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு. முடியுமா?"

காகிதத்தைப் பார்த்தேன். யாருடைய கை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கணவரை நான் அண்ணன் என்றும் இவரை அக்கா என்றும்தான் கூப்பிடுவேன். எங்கள் குடிநீர் வாரியத்தில் மற்றவர்களுக்கெல்லாம் அவர் 'நட்சத்திரம்'. புதிதாகச் சேர்ந்தவர்கள் பெயரைக் கேட்டு ஏதோ சினிமாக்காரர் மாதிரி இருப்பார் என்று எதிர்பார்த்து வந்து ஏமாந்து போவார்கள். ஒல்லியான ஆள், பாதி வழுக்கை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டிக் கத்தரிக்கோல். பெயர் வந்தது வேலையால். அச்சு அறையில் அவர் மூத்தவர், நான் அவருக்குக் கீழே சேர்ந்தவன். மாதா மாதம் லட்சக்கணக்கில் குடிநீர் ரசீதுகள் அந்தப் பெரிய இயந்திரத்தில் தொடர்தாளாக ஓடும். ஒரு பிரிவின் ரசீது முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் பிரிவின் பெயரை மட்டும் தாங்கி ஒரு தாள் வரும். அறையின் அந்தக் கோடியில் நின்று பார்த்தாலும் படிக்கும்படி பெரிதாக இருக்க வேண்டும். அந்த இயந்திரத்துக்குப் பெரிய எழுத்து தெரியாது. சின்னச் சின்ன நட்சத்திரக் குறிகளை வரிசை வரிசையாக அடுக்கி, வேண்டிய இடத்தில் இடைவெளி விட்டு, எட்ட நின்றால் எழுத்தாகத் தெரியும்படி செய்ய வேண்டும். ஆங்கிலத்துக்கு அதைச் செய்து தர மென்பொருள் இருந்தது. தமிழுக்கு அண்ணன்தான் இருந்தார்.

எழுத்துக்கு ஒன்பது வரி. மேலே இரண்டு வரி புள்ளிக்கும் சுழிக்கும், நடுவில் ஐந்து வரி உடம்புக்கு, கீழே இரண்டு வரி வாலுக்கு. நின்ற கோடு என்றால் இரண்டு நட்சத்திர அகலம், படுத்த கோடு என்றால் ஒரே வரி. யாரும் அவரிடம் அழகாக வேண்டும் என்று கேட்கவில்லை. 'வ'வின் வயிறு அப்படி வளைய வேண்டிய அவசியமும் இல்லை. இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் வளைந்தது.

பிறகு புது இயந்திரங்கள் வந்தன. பிரிப்புத் தாள் தேவையில்லாமல் போனது. அண்ணனை ஐம்பத்திரண்டு வயதில், விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து, விருப்பமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் கணினிப் பிரிவுக்கு மாறித் தப்பித்துக்கொண்டேன்.

அக்கா சீருடை தைக்கும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகக் காலர் தைக்கிறவர். சட்டை முழுக்கத் தைப்பதில்லை. காலர் மட்டும், நாளுக்கு முந்நூறு. "ஊர்ல இருக்கிறவன் கழுத்தையெல்லாம் பிடிக்கிறவ, என் கழுத்த மட்டும் விட்டு வைப்பாளா" என்று அண்ணன் அச்சு அறையில் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஓய்வுக்குப் பிறகு போய்விட்டது. இரண்டு வருடம் அவர் வீட்டு ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் செய்தார். பிறகு ஒரு நாள் காலை குளியலறையில் விழுந்தார்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கை, வலது கால் போயின. பேச்சு போனது. அதைவிடக் கொடுமை, மற்றவர்கள் பேசுவதும் அவருக்கு வெறும் சத்தமாகக் கேட்டது. காது சரியாக இருந்தது, சொல்தான் உள்ளே போய்ச் சேரவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் அம்மா படங்களைக் காட்டினார், அட்டையில் பெரிய எழுத்துகளைக் காட்டினார், கைப்பேசியில் இன்னும் பெரிதாகக் காட்டினார். எதையும் அண்ணன் சுவரைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். அக்கா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தும் முதல் வாரம் முழுக்க அவர் பக்கம் திரும்பவே இல்லை. வலதுபுறம் இருப்பது அவர் கண்ணில் விழாது என்று கண்டுபிடித்து, நாற்காலியை இடதுபுறம் போட வைத்தவரும் பயிற்சி அம்மாதான். அதன் பிறகு திரும்பிப் பார்த்தார். ஆனால் அந்த ஒரு வாரத்தை அக்கா மறக்கவில்லை. 'மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு' என்றுதான் என்னிடம் சொன்னார்.

இருபத்து மூன்றாம் நாள் அக்கா வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு பிளாஸ்க் கொண்டு போனார். மூடி உடைந்திருந்ததால் அலமாரியிலிருந்து ஒரு பழைய தாளை உருவிச் சுற்றியிருந்தார். அதைப் பிரித்துக் கட்டிலில் போட்டபோது அண்ணனின் இடது கை அசைந்தது. ஆள்காட்டி விரல் தாளின் மேல் போனது. 'வடக்கு' என்ற நட்சத்திர எழுத்தின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வட... வடக்கு" என்றார்.

விழுந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் சொல் அது.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய் அலமாரி, பரண், பெட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டார். கிடைத்த தாளையெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். 'தெற்கு', 'மேல்நிலைத் தொட்டி', 'நிலுவை', 'திருத்தம்'. அண்ணன் ஒவ்வொன்றையும் படித்தார். அச்சடித்த புத்தகத்தைக் காட்டினால் ஒன்றுமில்லை. தாம் கட்டிய எழுத்து என்றால் மட்டும் வாய் திறந்தது. மூளையில் எந்தக் கதவு திறக்கும் என்று யாருக்கும் தெரியாது, திறந்த கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சி அம்மா சொன்னாராம். ஆனால் கட்டிய கணவனிடம் 'மேல்நிலைத் தொட்டி', 'நிலுவை' என்ற சொற்களை வைத்து என்ன பேசுவது? அக்கா வீட்டில் ஒரு கட்டம் போட்ட நோட்டில் நட்சத்திரம் போட்டு ஒரு சொல் எழுதிப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது. அண்ணனுக்கு மனம் தெளிவாக இருப்பதோ காலையில் அரை மணி நேரம்.

இதற்கிடையில் கழுத்து ரத்தக்குழாயில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். செய்யாவிட்டால் இன்னொரு அடைப்பு நிச்சயம். செய்தால், செய்யும்போதே வரலாம். இரண்டையும் சொல்லி அக்காவிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்த நாளுக்குத்தான் பத்தொன்பது நாள்.

முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

ஆங்கிலத்துக்கு இருந்த அந்த மென்பொருள் இப்போதும் கிடைக்கிறது. நாம் ஒரு கோப்பில் எழுத்துகளை வரிசையாகக் கட்டி வைத்தால், அதை எடுத்து ஒட்டி எழுதித் தரும். எல்லா எழுத்தும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு குறி, எழுத்தின் கடைசி வரியில் இரண்டு குறி. ஒன்று குறைந்தாலும் வம்பு. அடுத்து, அது எழுத்துகளை நெருக்கி ஒட்டும்போது வெற்றிடத்தையெல்லாம் விழுங்கிவிடும். 'ப'வின் நடுவில் இருக்கும் காலி இடத்துக்குள் பக்கத்து எழுத்தின் கால் வந்து நின்றுகொள்ளும். விழுங்கக் கூடாத இடத்தில் எல்லாம் ஒரு டாலர் குறி போட வேண்டும். அச்சில் அது வெறும் இடமாகத்தான் வரும். இவை போக, நம் எழுத்துக்கென்று தனித் தொல்லை. 'கெ' என்று அடித்தால் கணினி முதலில் 'க'வை வைத்துக்கொண்டு பிறகுதான் கொம்பை எடுக்கும். கொம்பு முன்னால் வர வேண்டும். 'கு' என்பது 'க'வோடு எதையோ ஒட்டியது அல்ல, அது தனி உருவம். அந்த வரிசை மாற்றும் வேலைக்கு ஒரு சின்ன நிரலை நானே எழுதிவிடலாம். எழுத்துகளைத்தான் யாராவது கட்ட வேண்டும்.

எத்தனை என்று கணக்குப் போட்டோம். உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று. பதினெட்டு மெய்க்கும் புள்ளி வைத்தது, வைக்காதது, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறு ஆறு. கால், இரண்டு கொம்பு, ஐகாரக் குறி. நூற்றிருபத்தைந்து. தாள்களில் கிடைத்தவை அறுபத்தொன்று. மீதி அறுபத்து நான்கு எழுத்துகளை அண்ணன் கட்டியதே இல்லை. எந்தப் பிரிவின் பெயரிலும் 'ஞூ' வராது, 'டீ' வராது, 'ணு'வும் வராது.

"அத நான் கட்டுறேன்" என்றார் அக்கா. கணினியில் அவர் அதுவரை தட்டியது மகளோடு பேச மட்டும்தான்.

தொழிற்சாலையில் ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, காலையில் மருத்துவமனை, பன்னிரண்டு முதல் நான்கு வரை என் அலுவலகம், மறுபடி மருத்துவமனை என்று அலைந்தார். எங்கள் பிரிவில் உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறையில் ஒரு மேஜையைத் துடைத்துக் கொடுத்தேன். நோட்டில் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்த்து, பிறகு ஒற்றை விரலால் அடிப்பார். உதடு அசைந்துகொண்டே இருக்கும். நட்சத்திரம், நட்சத்திரம், டாலர், டாலர், டாலர், நட்சத்திரம், நட்சத்திரம், குறி. சாப்பிடச் சொன்னால் 'ழூ' முடியட்டும் என்பார்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மகள் வந்தாள். வெளியூரில் வேலை, விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவை மருத்துவமனையில் காணாமல் தேடிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள், கத்தவில்லை.

"அப்பா அங்க தனியாக் கிடக்கிறாரு. நீ இங்க உக்காந்து நட்சத்திரம் எண்ணிட்டு இருக்கியாம்மா?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ போய் அவர் பக்கத்துல இரு. இடது பக்கம் உக்காரு" என்றார். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில், இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு நீங்களும் உடந்தையா என்று இருந்தது.

அவள் போன பிறகு நானும் கேட்டேன். அறுவை சிகிச்சை முடிந்து நிதானமாகச் செய்யலாமே, இந்த நாள் கணக்கு எதற்கு என்று. அக்கா அடிப்பதை நிறுத்தினார். முதல் முறையாகக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் விழுவதற்குப் பதினோரு நாள் முன்பு நடந்ததைச் சொன்னார். வேலை முடிந்து வந்திருக்கிறார். முந்நூறு காலர் தைத்த முதுகு. ஜன்னலோரம் அண்ணன் அதே நாற்காலியில். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, வீடெல்லாம் நாற்றம். அவருக்கு அதுகூடத் தெரியவில்லை. இவர் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

"நீங்க இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன் தம்பி. சண்டை போடுற மாதிரிகூடச் சொல்லல. சாதாரணமாச் சொன்னேன். அதுக்கு அப்புறம் அவர் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல, வீம்பு. பதினோரு நாள். அப்புறம் விழுந்துட்டாரு. அவர் காதுக்குள்ள கடைசியாப் போன என் பேச்சு அதுதான். இப்ப காதும் அடைச்சிக்கிச்சு."

மறுபடி அடிக்க ஆரம்பித்தார். நானும் அதன் பிறகு நாள் கணக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் எல்லா எழுத்தும் முடிந்தது. நிரலோடு இணைத்தேன். அக்காவையே முதலில் அடிக்கச் சொன்னேன். 'சாப்பிட்டீங்களா' என்று அடித்தார். திரையில் வந்தது எந்த மொழியிலும் இல்லாத ஒன்று. ஒவ்வொரு எழுத்தின் காலடியிலும் கோப்பில் அதற்கு அடுத்து இருந்த எழுத்தின் தலை ஒட்டியிருந்தது. இரண்டாவது முறை 'அம்மா' என்று அடித்தார். 'அ' சரியாக வந்தது. மிச்சமெல்லாம் தலையை இழந்து நின்றன. அக்கா திரையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். பிறகு தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். ஒரு முறை அல்ல. நான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. "எனக்கு ஒண்ணும் உருப்படியா வராது, ஒண்ணுமே வராது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நூற்றிருபத்தைந்து எழுத்து, எழுத்துக்கு ஒன்பது வரி. முதலிலிருந்து இருவருமாக எண்ணினோம். நான் வரிகளை எண்ணிச் சொல்ல, அவர் நோட்டில் கோடு போட்டார். நான்கு மணியைத் தாண்டிவிட்டது. அன்று மாலை அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை, மகள் இருந்தாள். 'ஆ'வில் ஒரு வரி குறைவு. மேலே இருந்த வெற்று வரி, அதை வரி என்றே நினைக்காமல் விட்டிருந்தார். அது ஒன்று போதும், அதற்குப் பின்னால் இருந்த அத்தனையும் ஒரு படி மேலே ஏறிவிட. அந்த வரியைச் சேர்த்ததும் 'சாப்பிட்டீங்களா' முழுதாக வந்தது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "நாளைக்குக் காலையில போகலாம்" என்று மட்டும் சொன்னார்.

திரையில் காட்டினால் அண்ணன் பார்க்க மாட்டார் என்பது முன்பே தெரியும். தாள்தான் வேண்டும். எங்கள் கிடங்கில், டாட் மேட்ரிக்ஸ் என்பார்களே, அந்தப் பழைய ஊசி அச்சுப்பொறி ஒன்று, இரண்டு ஓரமும் துளையிட்ட தொடர்தாளோடு கிடந்தது. அனுமதி வாங்கி, ஒரு மடிக்கணினியோடு எடுத்துக்கொண்டேன். வார்டில் செவிலியர் அதைப் பார்த்து, இது என்ன மாவு மில்லா என்று கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் என்று பேசி வைத்தோம். பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் காது மந்தம், அது எங்களுக்கு வசதியாகப் போனது.

அச்சுப்பொறி கரகரவென்று ஓட ஆரம்பித்ததும் அண்ணன் தலை திரும்பியது. அந்தச் சத்தத்தை அவர் அடையாளம் கண்டுகொண்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இடது கையை நீட்டினார். அக்கா தாளைக் கிழித்துக் கொடுத்தார். விரல் எழுத்தின் மேல் ஏறியது. "சா... ப்... பி... ட்..." அங்கே நின்றது. அடுத்தது 'டீ'. விரல் அதன் மேல் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. முகம் கோணியது. தாளைக் கசக்கிக் கீழே எறிந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

'டீ' அக்கா கட்டிய எழுத்து.

வழியெல்லாம் நான்தான் ஏதேதோ சொன்னேன். களைப்பாக இருந்திருப்பார், நாளைக்குப் பார்க்கலாம் என்று. பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்ற பிறகு, "என் கை பட்ட எழுத்து அவருக்கு வேணாமாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வந்த பேருந்தில் ஏறிப் போய்விட்டார். இனி வர மாட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வந்தார். கணினியைத் தொடவில்லை. அண்ணனின் பழைய தாள்களைத் தரையில் பரப்பி, பக்கத்தில் தன் எழுத்துகளின் அச்சைப் பரப்பி, மண்டியிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் இருக்கும். நான் என் வேலையில் இருந்தேன். திடீரென்று கூப்பிட்டார்.

"தம்பி, இங்க பாருங்க. அவர் மூலைய வெட்டியிருக்காரு."

குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலை வைத்துக் காட்டினார். நின்ற கோடும் படுத்த கோடும் சேரும் மூலையில் அண்ணன் நட்சத்திரம் போடுவதில்லை. ஒரு இடம் காலியாக விட்டிருந்தார், எல்லா எழுத்திலும், எல்லா மூலையிலும். அச்சு அறையில் மை ரிப்பன் புதிதாக இருக்கும்போது மூலைகள் அப்பிக்கொள்ளும், அதற்காக இருக்கலாம். வருடக்கணக்கில் கூடவே இருந்த எனக்கு அது கண்ணில் பட்டதில்லை. எட்ட நின்று பார்த்தால் அந்த இடைவெளி தெரியாது, மூலை கூர்மையாகத்தான் தெரியும். அக்காவின் எழுத்துகளில் மூலை நிறைந்திருந்தது. அதனால் எல்லாமே கொஞ்சம் தடித்து, ஊதியதுபோல இருந்தன.

காலர் தைத்து உள்பக்கத்தை வெளியே திருப்புவதற்கு முன்னால் முனைத் துணியைக் கத்தரித்துவிட வேண்டுமாம். வெட்டாமல் திருப்பினால் முனை மொத்தையாக நிற்கும். "பத்தொன்பது வருசமா நான் இதத்தான் செய்யறேன். இது எனக்குத் தோணல பாருங்க" என்றார். எதிரில் விரித்திருந்த தாளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஐந்து நாள் இருந்தது. அறுபத்து நான்கு எழுத்தையும் மறுபடி கட்டினார். மூலையில் இருந்த நட்சத்திரத்தை அழித்து டாலர் குறி வைக்க வேண்டும், வெறும் இடம் விட்டால் மென்பொருள் விழுங்கிவிடும். இந்த முறை மகளும் வந்து உட்கார்ந்தாள். எப்படி மனம் மாறினாள் என்று எனக்குத் தெரியாது. அம்மா அடிப்பதை வரி வரியாகச் சரிபார்த்தாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு முறை மட்டும் 'ஙூ'ன்னு ஒரு எழுத்து எதுக்கு, அப்பாகிட்ட அத வெச்சு என்ன பேசப்போற என்று அவள் கேட்க, அக்கா, இருக்கட்டும், கோபம் வந்தா அத அடிக்கிறேன் என்றார். அந்த அறையில் நான் கேட்ட ஒரே நகைச்சுவை அது.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் காலை மூவரும் போனோம். கதவைச் சாத்தினோம். முதலில் 'சாப்பிட்டீங்களா' அடித்தார். அண்ணனின் விரல் 'டீ' மேல் போனது. நிற்கவில்லை. தாண்டிப் போனது. "சாப்... பிட்... டீங்களா" என்றார், தெளிவாக. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததை அடித்தார். எத்தனையோ நாளாக மனதுக்குள் அடித்துப் பார்த்திருப்பார், ஒரு பிழை இல்லை. 'நான் சொன்னது தப்பு. நீங்க இருக்கணும்.' அச்சுப்பொறி அதை எழுதி முடிக்க நேரம் எடுத்தது. மடிந்து மடிந்து தாள் அண்ணனின் மடியில் இறங்கியது.

அவர் படித்தார். "நான்." விரல் நகர்ந்தது. "சொன்னது." நகர்ந்தது. "தப்பு." ஒவ்வொன்றையும் ஒரே குரலில், அச்சு அறையில் பிரிவின் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்லுவாரே அந்தக் குரலில் சொன்னார். "நீங்க. இருக்கணும்." படித்து முடித்ததும் தாளின் துளைக் கோட்டில் மடித்தார். ஒரு ஓரத்தை முழங்கையால் அழுத்திக்கொண்டு இடது கையால் நேராகக் கிழித்தார். கட்டிலின் இடது பக்கம் வைத்தார். தட்டிச் சரிசெய்தார். பிறகு அச்சுப்பொறியைப் பார்த்தார், அடுத்த பிரிவுக்காக.

அக்கா மறுபடி அதையே அடித்தார். அவர் படித்தார், கிழித்தார், முந்தையதன் மேல் ஓரம் பார்த்து அடுக்கினார். மூன்றாவது முறையும் அடித்தார். மூன்றாவதையும் அடுக்கினார். செவிலியர் கதவைத் தட்டினார்.

வெளியே தாழ்வாரத்தில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"படிச்சாருல்ல, தம்பி?"

"படிச்சாருக்கா."

"புரிஞ்சிருக்குமா?"

புரிந்தது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுகிற பார்வை. "தெரியலக்கா" என்றேன். தலையை ஆட்டினார். பயிற்சி அம்மாவிடமும் கேட்டோம். வாய் படிப்பது வேறு, மனம் வாங்கிக்கொள்வது வேறு, இரண்டும் சேர்ந்து வரலாம், வராமலும் போகலாம் என்றார் அவர். நல்ல மனுஷி, ஆறுதலுக்காக எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சையில் அண்ணன் பிழைத்தார். புதிதாக அடைப்பு எதுவும் வரவில்லை. பத்து நாளில் வீட்டுக்கு வந்தார். வலது கை வரவில்லை. எட்டு மாதத்தில் பதினோரு சொற்கள் தானாகப் பேசுகிறார். அவற்றில் அக்காவின் பெயர் இல்லை. அச்சடித்துக் கொடுத்தால் படிக்கிறார், சில சமயம் படித்தபடி செய்கிறார், சில சமயம் கிழித்து அடுக்கிவிடுகிறார். எப்போது எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பயிற்சி அம்மா அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப்போய் வேறொரு நோயாளிக்கு முயன்று பார்த்தார். அவர் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர். நட்சத்திரங்களைப் பார்த்துச் சிரித்தாராம், படிக்கவில்லை. அவர் கட்டிய எழுத்து இல்லையே அது.

அக்கா மறுபடி காலர் தைக்கப் போகிறார், அரை நாள் மட்டும். போன மாதம் அலுவலகத்துக்கு வந்தார். வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்த அச்சுப்பொறியின் ரிப்பன் வெளுத்துவிட்டது, முத்திரை மையைத் தொட்டுத் தொட்டு ஓட்டியிருக்கிறார், இனி ஓடாது. ஐந்தாறு கடைகளில் விசாரித்து, தூசி தட்டி இரண்டே இரண்டு ரிப்பன் வாங்கி வைத்திருந்தேன். அந்த மாதிரி இனி வராது என்று கடைக்காரர் சொன்னதையும் சொன்னேன். இரண்டையும் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாக்கியத்தை இன்னும் அடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இல்ல தம்பி. வீட்டுக்கு வந்தப்புறம் நாலு தடவ அடிச்சேன். நாலையும் அடுக்கி வெச்சிட்டாரு. விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். "காலையில 'எழுந்திருங்க'ன்னு அடிக்கிறேன். எழுந்திருக்கிறாரு. அது போதும்னு நான் சொல்ல மாட்டேன். போதாது. ஆனா எழுந்திருக்கிறாரு."

மணியைப் பார்த்தார். மகள் ஊருக்குத் திரும்பிவிட்டாள், அண்ணனுடன் பக்கத்து வீட்டுப் பெண் பன்னிரண்டு வரைதான் இருப்பாள். டீ சொல்லியிருக்கிறேன், குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். நேரமில்லை என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார்.